நஞ்சைக்கு மஞ்சள் பூசியபோது

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பா மட்டும். பக்கத்து நகரத்தின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவில் எங்கள் வயலும் சேர்ந்திருக்கிற விஷயம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரைபடத்தில்தான் தெரிந்தது. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேளாண்மைக்குப் பச்சை, குடியிருப்புக்கு மஞ்சள். எங்கள் வயல் தாக்கு முழுக்க மஞ்சள்.

"நாமதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, எவன் கை வைப்பான்?" என்றார் சித்தப்பா. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். டெல்டாவை அப்படி அறிவித்து 2020-ல் வந்த சட்டத்தை உட்கார்ந்து வாசித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் இதையெல்லாம் புதிதாகத் தொடங்குவதை அது தடுக்கிறது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. எது வயல், எது வீட்டுமனை என்று வண்ணம் பூசுவது 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நடக்கிற வேலை. வரைவை வெளியிட்டால் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் படத்தைப் பார்க்கும்போதே ஐந்து வாரம் ஓடிப்போயிருந்தது.

அவசர அவசரமாக ஒரு மனு எழுதினோம். சோழநாடு சோறுடைத்து என்று ஆரம்பித்து இரண்டு பக்கம், அடியில் 112 கையெழுத்து. அலுவலகத்தில் வாங்கிப் புரட்டியவர், "இது ஒரு மனுதான் சார். எந்தப் புல எண்ணுக்கு ஆட்சேபணை?" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான். வரைபடத்துக்கு ஊர் கிடையாது, புல எண்தான், அதாவது நிலத்தின் சர்வே நம்பர்தான்.

அப்புறம் ஆவணம் சேர்க்க அலைந்தோம். நில விவரம் உள்ள அ-பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் இணையத்திலேயே கிடைத்துவிட்டன. என்ன பயிர் வைத்தோம் என்று காட்டும் மூன்று வருட அடங்கலுக்குத்தான் நாலு நடை. எங்களுக்குக் கைகொடுத்தது புலப்படம். வரைவில் எங்கள் பாசன வாய்க்கால் இல்லவே இல்லை, மஞ்சளுக்குள் கரைந்துபோயிருந்தது. புலப்படத்திலோ அதற்குத் தனிப் புல எண். அ-பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று தெளிவாக இருந்தது.

ஒரு நாள் விடியற்காலை தண்ணீர் கட்டும் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைமடை வரை கரையோடு நடந்தோம். 17 மடை. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்தப் புல எண்ணுக்குப் பாய்கிறது என்று எழுதிக்கொண்டேன். ஒன்பதாவது மடையில் மண்வெட்டியை ஊன்றி நின்றார் பெரியவர். "இங்க ரோடு போட்டா கீழ எட்டு மடையும் செத்துடும் தம்பி. மழை வந்தா மேல இருக்குற வயல் மூழ்கும்" என்றார். அதையே ஆட்சேபணையாக எழுதினோம். இந்த முறை விவசாயத்தின் பெருமையெல்லாம் இல்லை. புல எண், மடை, வடிகால், அடங்கலில் பதிவான பயிர். ஆளுக்கொரு மனு, மொத்தம் 41. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டோம். கிராம சபையில் போட்ட தீர்மானத்தின் நகலையும் இணைத்தோம்.

சித்தப்பா கையெழுத்துப் போடவில்லை. அவருடையது சாலையோரம். "மஞ்சளா இருந்தா நாலு காசு வரும். பொண்ணு கல்யாணத்துக்கு நீயா குடுப்ப?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. மஞ்சளாகவே இருக்கட்டும் என்று அவர் தனியாக ஒரு மனு கொடுத்தார். விசாரணை நாளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஆளுக்கொரு பக்கமாகப் பேசிவிட்டு, ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

பல மாதம் கழித்து இறுதி வரைபடம் வந்தது. வாய்க்கால் நீலக்கோடாக ஏறியிருந்தது. அதில் பாயும் வயல்கள் பச்சைக்குத் திரும்பியிருந்தன. சாலையோரத்து நாலு புல எண்கள் மட்டும் மஞ்சள். சித்தப்பாவுடையதும் அதில் ஒன்று.

பச்சை வாங்கிவிட்டோம் என்று தூங்கிவிட முடியாது. நிலப் பயன் மாற்றம் கேட்டு நிலத்துக்காரர் தனியாக விண்ணப்பிக்கலாம். அந்த அறிவிப்பு நாளிதழில் பொடி எழுத்தில் வரும். எங்கள் புல எண்களை ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா நிலத்தில் போன வாரம் மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். வடிகால் அதன் ஓரமாகத்தான் போகிறது. புலப்படத்தில் உள்ள அகலத்தை விட்டிருக்கிறார்களா என்று ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளக்கப் போகிறோம். மறுமுனையைப் பிடிக்க வருகிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.