பழைய ஃபேண்டம் 3 ஸ்டாண்டர்டைப் பழகுதல்: காலிபிரேஷனும் கைப்பழக்கமும்

இரண்டாம் கையாக ட்ரோன் வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எதையெல்லாம் காலிபிரேட் செய்ய வேண்டும் என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஜிபிஎஸ் கைவிட்டுவிட்டால் இந்தப் பொருளை என் கைகளால் மட்டுமே பத்திரமாகத் தரையிறக்க எனக்குத் தெரியுமா? காலிபிரேஷன் என்பது குறிப்பிட்ட ஓர் உணரியின் குறிப்பிட்ட பிழையைத் திருத்தும் வேலை. அது பறக்கத் தெரியாமைக்கு மருந்தாகாது. நான் பழகியது 2015-இல் வெளிவந்த டிஜேஐ ஃபேண்டம் 3 ஸ்டாண்டர்ட். பேட்டரியும் ப்ரொப்பெல்லரும் சேர்த்து 1,216 கிராம் எடை. தடைகளை உணரும் கண்கள் இதில் இல்லை. அதே வரிசையின் அட்வான்ஸ்டு, புரொஃபெஷனல் மாடல்களில் வயிற்றுப்புறம் இருக்கும் தரைநோக்கும் கேமராவும் இதில் கிடையாது. இருப்பிடம் அறிய ஜிபிஎஸ், திசை அறிய காந்தத் திசைகாட்டி, உயரம் அறிய காற்றழுத்தமானி, சாய்வறிய ஐஎம்யூ ஆகியவை மட்டுமே இதன் புலன்கள். எனவே இதைப் பழகுகிறவருக்கு ஒவ்வொரு புலனும் எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்திருப்பது அவசியம்.

சட்டத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. வணிக நோக்கமின்றி அவற்றைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் யூஐஎன் என்னும் பதிவெண் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பழையதை வாங்கும்போது பதிவெண் இருக்கிறதா, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். முன் அனுமதி கேட்காமலே பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரைதான். நெல்லைச் சீமையில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் விஜயநாராயணம் கடற்படை நிலையமும் இருப்பதால், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எந்த மைதானத்தையும் "நம்ம ஊர்தானே" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது. கூட்டம் கூடியபின் விளக்கம் சொல்வது கடினம்.

பழைய ட்ரோனில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை. இதில் இருப்பது நான்கு செல்கள் கொண்ட 4,480 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் பேட்டரி. முழுச் சார்ஜில் 17.4 வோல்ட் காட்டும். அதைக் கண்ணாடி மேசைமீது வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். தட்டையாக அமராமல் லேசாகச் சுழன்றாலோ, ட்ரோனுக்குள் தள்ளும்போது வழக்கத்துக்கு மாறாக இறுகினாலோ, அது உப்பிவிட்டது. அதைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். உப்பாத பேட்டரியிலும் நான்கு செல்களின் வோல்ட்டேஜையும் ட்ரோனுக்குரிய போன் செயலியில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால், செயலி 40 விழுக்காடு என்று காட்டும் நேரத்திலேயே அந்தச் செல் சரிந்து ட்ரோன் தானாகத் தரையிறங்கத் தொடங்கலாம். புதிதாக இருந்தபோது 25 நிமிடம் வரை பறக்கும் என்று சொல்லப்பட்ட பொருள் இது. பத்தாண்டு கழித்தும் அந்தக் கணக்கை நம்புவது விவேகமன்று. தலை உயரத்தில் நிறுத்திவைத்து அது உண்மையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தபின், அதில் பாதியை மட்டும் உங்கள் பறக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது அறையில் ஆள் இருக்க வேண்டும். கட்டில், சோபா, மரப்பலகை எதுவும் பேட்டரிக்கு அடியில் இருக்கக் கூடாது.

அடுத்து ஜிபிஎஸ். நீண்ட காலம் பெட்டிக்குள் கிடந்த ட்ரோனிடம் இருக்கும் செயற்கைக்கோள் அட்டவணை பழையதாகிவிடும். அட்டவணை முழுவதையும் வானிலிருந்து இறக்கிக்கொள்ள 12.5 நிமிடம் ஆகும் என்பது ஜிபிஎஸ் அமைப்பின் இயல்பு. ஆகவே முதல் நாளில் விளக்கு மஞ்சளாகவே மினுக்கினால் பழுதென்று முடிவுகட்டாமல், திறந்த வானத்தின் கீழ் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். பச்சை விளக்கு மெதுவாக மினுக்கத் தொடங்கி, புறப்பாட்டு இடம் பதிவாயிற்று என்று செயலி சொன்ன பிறகே மோட்டாரைத் தொட வேண்டும். செயலி என்றதும் இன்னொன்று: இந்த மாடலுக்கு உரியது டிஜேஐ கோ, டிஜேஐ கோ 4 அன்று. புதிய போன்களில் அது தகராறு செய்தால், ஒரு பழைய போனை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நிம்மதி.

இனி திசைகாட்டி. அதிகமான தவறான அறிவுரைகள் உலவுவது இதைப் பற்றித்தான். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் காலிபிரேட் செய்ய வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. நல்ல இடத்தில் ஒருமுறை ஒழுங்காகச் செய்ததை, மோசமான இடத்தில் மறுபடி செய்து கெடுத்துக்கொள்வதுதான் அதனால் பெரும்பாலும் விளைகிறது. நெடுந்தூரம் இடம் மாறினாலோ, விழுந்து அடிபட்டாலோ, உடலைக் கழற்றிப் பூட்டினாலோ, சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி மினுக்கினாலோ செய்தால் போதும். அந்த மினுக்கலும் நீங்கள் நிற்கும் இடத்தின் குற்றமாக இருக்கலாம்; முதலில் நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

என்னிடம் வந்த ட்ரோன் அதற்குமுன் தில்லியில் பறந்தது. அங்கே புவிக்காந்தப் புலம் தரைமட்டத்திலிருந்து 40 பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். திருநெல்வேலியோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் நடுக்கோட்டு ஆய்வகத்தை இங்கே வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாகவே ஓடுகிறது. இதில் ஒரு நன்மை உண்டு: திசையறிய உதவுவது புலத்தின் கிடைக்கூறு மட்டுமே என்பதால், இங்கே திசைகாட்டிக்குக் கிடைக்கும் குறிப்பு வலுவானது. கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. காலிபிரேஷனில் ட்ரோனைத் தட்டையாகப் பிடித்துச் சுற்றும் முதல் சுற்றில் கிடையான இரண்டு அச்சுகள் மட்டுமே புலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காண்கின்றன. மூன்றாவது அச்சு அதைக் காண்பது, மூக்கைத் தரைநோக்கிப் பிடித்துச் சுற்றும் இரண்டாவது சுற்றில்தான். பலர் முதல் சுற்றை நிதானமாகச் செய்துவிட்டு இரண்டாவதை அவசரமாக முடிப்பார்கள். இரண்டையும் ஒரே வேகத்தில், தள்ளாடாமல், முழு வட்டமாகச் செய்யுங்கள். செயலியில் கட்டளை கொடுத்ததும் போனையும் ரிமோட்டையும் சற்றுத் தள்ளித் தரையில் வைத்துவிடுங்கள். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், இரும்புக் கொக்கி வைத்த பெல்ட் ஆகியவற்றோடு சுற்றக் கூடாது. உணரி ட்ரோனின் கால் ஒன்றுக்குள் இருப்பதால், கால்பக்கம் எது நெருங்கினாலும் அது கணக்கில் சேர்ந்துவிடும்.

இடத் தேர்வில் நம் ஊரின் பெரிய பொறி மொட்டைமாடி. தளத்துக்குள் முறுக்குக் கம்பி வலையாகக் கிடக்கிறது. அங்கே காலிபிரேட் செய்வதும் தவறு, ட்ரோனை முடுக்குவதும், அதாவது பேட்டரியை இயக்கி மின்சாரம் கொடுப்பதும், தவறு. முடுக்கும் கணத்தில் ட்ரோன் தன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் திசைகாட்டியிடம் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்கிறது. கம்பியின் பேச்சைக் கேட்டுத் தவறான திசையை வாங்கியபின் மேலே எழும்பினால், கம்பியின் பிடி விலகி, திசைகாட்டி உண்மையைச் சொல்லத் தொடங்கும்; வாங்கிய திசையும் காணும் திசையும் முரண்படும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மோட்டாரை இயக்குமுன் ட்ரோனைக் கையால் நான்கு திசைக்கும் திருப்பி, செயலியின் வரைபடத்தில் உள்ள அம்புக்குறி அப்படியே திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. தேவையற்ற காலிபிரேஷனைவிட இந்தச் சோதனை எவ்வளவோ மேல்.

ஐஎம்யூவுக்குத் தேவை குளிர்ந்த உடலும் சமதளமும் மட்டுமே. ட்ரோனைக் குளிர்பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செய்யச் சொல்லும் ஓர் ஆலோசனை உண்டு. நம் ஈரக்காற்றில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விடிகாலையில், மின்விசிறி நின்ற அறையில், ரசமட்டத்தால் சமம் பார்த்த பலகைமீது வைத்து, முடுக்கிய உடனே தொடங்கி, முடியும் வரை தொடாமல் இருந்தால் போதும். ரிமோட் குச்சிகளின் காலிபிரேஷனும் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் காலிபிரேஷனும் செயலி வழிகாட்டும்படி நடப்பவை; கிம்பலின் பிளாஸ்டிக் கவ்வியைக் கழற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பறக்கப் பழகுவதற்கு நான் சொல்லும் வரிசை பலருக்குச் சலிப்பூட்டும். முதலில் கணினியில் ஏதேனும் ஒரு சிமுலேட்டர். பிறகு செயலியின் தொடக்கநிலை முறை. அது உயரத்தையும் தொலைவையும் 30 மீட்டருக்குள் கட்டிவைக்கும். ப்ரொப்பெல்லர் பூட்டும்போது, கறுப்பு மூடி உள்ளவை கறுப்புப் புள்ளி வைத்த மோட்டாருக்கு. கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். வாலை உங்கள் பக்கம் வைத்துத் தலைக்குச் சற்று மேலே அசையாமல் நிறுத்துங்கள். அது முழுதும் வசப்பட்டபின் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். கடைசியாக மூக்கை உங்கள் பக்கம் திருப்புங்கள். இப்போது இடமும் வலமும் மாறிவிடுவதால் கை குழம்பும். ட்ரோன் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் தாழ்ந்த பக்கம் நிமிரும் என்பதைப் பிடித்துக்கொண்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். சதுரம், எட்டு வடிவம் எல்லாம் அதற்குப் பின்புதான்.

இறக்கும்போது செங்குத்தாக வேகமாக இறக்கக் கூடாது. ட்ரோன் தான் கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே அமிழ்ந்து தூக்குவிசையை இழக்கும். தள்ளாட்டம் தெரிந்தால் முன்னோக்கி நகர்த்தி அந்தக் காற்றிலிருந்து வெளியே வாருங்கள். இரு குச்சிகளையும் கீழே உள்மூலைக்கு இழுப்பது மோட்டாரைத் தொடங்கும் வழி; வானத்தில் அதே செய்கை மோட்டாரை நிறுத்திவிடும். விரல்கள் பதற்றத்தில் அங்கே போகாதபடி பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இவ்வளவும் ஜிபிஎஸ் துணையோடு வந்தபின், அது இல்லாத ஆட்டி முறைக்குப் போக வேண்டும். செயலியில் பல பறப்பு முறைகளை அனுமதிக்கும் தெரிவை இயக்கினால்தான் ரிமோட்டின் சுவிட்ச் அந்த முறைக்கு மாறும்; பலர் இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் பறக்கிறார்கள். ஆட்டி முறையில் உயரம் மட்டும் தானாகக் காக்கப்படும். காற்று இழுத்த பக்கம் ட்ரோன் நழுவும், குச்சியை விட்டாலும் நிற்காது, எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். திசைகாட்டி முரண்பட்டு, ட்ரோன் பெருகிக்கொண்டே போகும் வட்டமாகச் சுற்றத் தொடங்கினால், உடனே ஆட்டிக்கு மாற்றிக் கையால் கொண்டுவந்து இறக்குவதுதான் வழி. அப்போது வீட்டுக்குத் திரும்பும் கட்டளையைக் கொடுத்தால், குழம்பிய அதே திசையறிவைக் கொண்டுதான் அது திரும்ப முயலும். முன்பே பழகாத கை அந்த நேரத்தில் எதுவும் செய்யாது.

நெல்லையில் இதற்குப் பருவம் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் தென்மேற்குக் காற்று நுழையும் மாதங்களில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 1,216 கிராம் எம்மாத்திரம்? வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் காற்றடித்தால் பறக்க வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் எல்லை. கற்பவருக்கு அதில் பாதியே அதிகம். தை, மாசிக் காலைகள் உகந்தவை. பங்குனி முதல் வற்றத் தொடங்கும் குளங்கள் நல்ல மைதானங்கள். ஆனால் நண்பகல் வெயிலில் தயாரிப்பாளர் சொல்லும் 40 பாகை செல்சியஸ் வெப்ப எல்லை எளிதில் தாண்டிவிடும். தானாகத் திரும்பும் உயரம் 30 மீட்டரில் வைக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் பனையும் தென்னையும் மட்டும் என்றால் அது போதலாம், கைபேசிக் கோபுரம் இருந்தால் போதாது. வழியில் எதிர்ப்படுவதைக் காணும் கண் இதற்கு இல்லை.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணலிலும் கடலோர மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் கலந்திருக்கின்றன. வெறும் தரையிலிருந்து எழுப்பினால், ப்ரொப்பெல்லர் கிளப்பும் தூசியோடு அவை மோட்டாருக்குள் புகுந்து உள்ளே உள்ள காந்தங்களில் மீசைபோல ஒட்டிக்கொள்ளும். தார்ப்பாயோ ஒட்டுப்பலகையோ விரித்து எழுப்பி இறக்குங்கள். ஒவ்வொரு நாளும் முடிந்தபின் மோட்டாரை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்ற உரசல் இருந்தால், ஊதாமல், ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் துகள்களை எடுத்துவிடுங்கள். உரசல் தீராமல் ஒரு மோட்டார் மட்டும் மற்ற மூன்றைவிட அதிகம் சூடேறினால், அதை மாற்றும்வரை ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.