வடிவாப் பாரும், தம்பி

"காரை வடிவாப் பாத்தனீரோ?" என்று எதிர்வீட்டு அண்ணை கேட்டார். "பார்த்தேன் அண்ணை, நல்ல வடிவாத்தான் இருக்கு" என்றேன். முத்து வெள்ளை நிறம், அலாய் சக்கரம், 2017 மாடல், எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அவர் சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் 'வடிவா' என்றால் அழகாக மட்டுமில்லை, நன்றாக, கவனமாக என்றும் பொருள். நான் மதுரைக்காரன். கனடாவில் டொரன்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"கீழ பாத்தனீரோ?"

"கீழேயா?"

"அப்ப நீர் ஒண்டும் பாக்கேல்லை."

2023 செப்டம்பர் அது. எனக்கு வேலை மிசிசாகாவில். பஸ், சப்வே, மறுபடி பஸ் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். வீட்டில் ஏழு மாதக் குழந்தை. குளிர் வருவதற்குள் ஒரு கார் வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். என்ன கார் என்பதில்தான் இருவருக்கும் குழப்பம்.

மதுரையில் எங்களிடம் டிசையர் இருந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதற்காக வால் வெட்டப்பட்ட செடான், 3,995 மில்லிமீட்டர். அங்கே மிட்சைஸ், அதாவது நடுத்தர அளவுக் கார், என்றால் சிட்டியும் வெர்னாவும். இங்கே அந்தப் பெயருக்குக் கேம்ரி, அக்கார்டு, சொனாட்டா, ஆல்டிமா. அப்போதைய கேம்ரியின் நீளம் 4,879 மில்லிமீட்டர், எங்கள் டிசையரைவிட கிட்டத்தட்ட மூன்று அடி அதிகம். ஊரில் கேம்ரியிலிருந்து ஒருவர் இறங்கினால் அமைச்சராகவோ மில் முதலாளியாகவோ இருப்பார். இங்கே ஊபர் கூப்பிட்டால் வருவது அதுதான். அம்மாவிடம் போனில் "கேம்ரி பார்க்கிறோம்" என்று சொன்னதும், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கடன் வாங்கிக்கிட்டு இருக்கியாடா?" என்றார்.

எஸ்யூவி வாங்கலாமே என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். பனியில் உயரமான வண்டி நல்லது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமயம் டொரன்டோ பக்கம் இரவோடு இரவாக வாசலில் நிற்கும் வண்டி காணாமல் போய்க்கொண்டிருந்தது. கனடாவில் அதிகம் திருடுபோன வண்டிகளின் பட்டியலில் 2022-இல் ஹோண்டா சிஆர்-வி முதலிடம், மறு ஆண்டு டொயோட்டா ஹைலேண்டர், இரண்டுமே எஸ்யூவிகள். சாவியின் சிக்னலை வீட்டுக்கு வெளியிலிருந்தே பிடித்துத் திறக்கிறார்கள். போதாக்குறைக்கு அதே வயது செடானைவிட விலையும் அதிகம். செடான் என்றே முடிவாயிற்று.

புதுசா, பழசா? புதுக் கேம்ரி முப்பதாயிரம் டாலரில் தொடங்கி, போக்குவரத்துக் கட்டணமும் 13 சதவீத வரியும் சேர்ந்தபோது எங்கேயோ போய் நின்றது. கனடா மத்திய வங்கி அந்த ஜூலையில்தான் வட்டியை 5 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தது. எங்களுக்கோ இந்த நாட்டில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறே கிடையாது. வங்கியில் எட்டரை சதவீதம் சொன்னார்கள். புதுக் கார் ஆசையை அன்றைக்கே மடித்து வைத்தோம்.

பழைய கார் பார்க்கப் போகும் இடமெல்லாம் குழந்தை சீட்டையும் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. இங்கே கைக்குழந்தையின் சீட்டு பின்பக்கம் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். அதை மாட்டிவிட்டு முன்சீட்டில் என் மனைவி உட்காருவாள். சின்ன கார்களில் அவள் முழங்கால் டேஷ்போர்டில் முட்டியது. மிட்சைஸ் என்ற சொல்லுக்கு அந்த முழங்கால்தான் எங்களுக்கு அளவுகோல். இதில் அக்கார்டுக்குத்தான் முதல் மார்க். 2018 மாடலில் பின்சீட்டுக் கால் இடம் கேம்ரியைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடுதல், டிக்கியும் பெரிது: அது 473 லிட்டர், கேம்ரி 428. தள்ளுவண்டியை வைத்த பிறகும் இரண்டு பெரிய அரிசி மூட்டைகள் தாராளமாகப் படுக்கும்.

ஆனால் பத்து வருடம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் எனக்குக் கேம்ரிதான் மனதுக்குப் பட்டது. டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின், வழக்கமான எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அக்கார்டின் அடிப்படை மாடலில் 1.5 லிட்டர் டர்போவும், கியர் படிகளே இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக்கும். ஓட்டுவதற்கு அக்கார்டு சுகம், மறுக்கவில்லை. சுகத்துக்காக வாங்கும் வயது எனக்குப் போய்விட்டது.

மைலேஜ் என்ற சொல் இன்னொரு கூத்து. முதல் கடையில் "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டேன். "எண்பத்திரண்டாயிரம்" என்றார். லிட்டருக்கா என்று கேட்காதது என் நல்ல காலம். இங்கே அந்தச் சொல்லுக்கு ஓடிய தூரம் என்று பொருள். எரிபொருளை நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் சொல்கிறார்கள். அந்த 2018 கேம்ரிக்கு ஏழரைக்குக் கொஞ்சம் கீழே. தலைகீழாக்கிப் பார்த்தால் நம்ம கணக்கில் லிட்டருக்கு பதின்மூன்றரை.

சரி, அந்த முத்து வெள்ளைக் காருக்கு வருகிறேன். மறுநாள் அண்ணையும் கூட வந்தார். கையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு திருப்புளி. கடையின் பார்க்கிங்கில் அட்டையைப் பிரித்துத் தரையில் விரித்து, "படும்" என்றார். சட்டை இஸ்திரி போட்டது. படுத்தேன். போனில் டார்ச்சைப் போட்டு மேலே பார்த்தால், அடிப்பகுதி முழுக்கக் கறுகறுவென்று புதுசாக மினுங்கியது. எனக்கு அது நல்ல விஷயமாகத்தான் தெரிந்தது. திருப்புளிக் கைப்பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் பட்டியைத் தட்டச் சொன்னார். முன்பக்கம் 'டங்' என்றது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'தொப்' என்றது, ஈரமண்ணைத் தட்டுவதுபோல். இன்னொரு தட்டு தட்டினேன். கறுப்புப் பூச்சோடு ஒரு செதில் பெயர்ந்து என் கன்னத்தில் விழுந்தது. உள்பக்கம் பழுப்பு. விரலில் தேய்த்தால் மிளகாய்த்தூள்போல் ஒட்டியது.

"நரைக்கு மை பூசின மாதிரி" என்றேன்.

"ஓம். உந்தக் காரை விட்டிட்டு வாரும்."

வரும் வழியில் விளக்கினார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் சக்கரத்திலிருந்து தெறித்து, பட்டிகளுக்குள்ளும் பிரேக் குழாய்களின் மேலும் தங்குகிறது. கடுங்குளிரில் அது சும்மா கிடக்கும். கொஞ்சம் சூடு வந்தால்தான் வேலையைக் காட்டும். அதனால் சூடான நிலத்தடிப் பார்க்கிங்கில் சொகுசாக நிற்கும் கார், வெட்டவெளியில் உறைந்து நிற்கும் காரைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்குமாம். ஊரில் கார் வாங்கும்போது பானெட்டைத் திறப்போம், புகையைப் பார்ப்போம், எலுமிச்சம்பழம் வைப்போம். காரின் ஆயுசு அடிவயிற்றில் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதன்பிறகு இன்னும் ஆறு கார்களுக்கு அடியில் படுத்தேன். பழக்கம் வந்துவிட்டது. போனதும் முதலில் பானெட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் போடும் சத்தம் நமக்குக் கேட்கக்கூடாது என்று. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பார்ப்பேன். 3517 என்றால் 2017-இன் 35-ஆவது வாரம் செய்தது. முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 எழுத்து அடையாள எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு, 'ஜே' இருந்தால் 2018. முதல் எழுத்து 4 என்றால் அமெரிக்காவில் செய்தது. கேம்ரி பெரும்பாலும் கென்டக்கியிலிருந்து வருகிறது. என் மனைவி என்னைப் பார்த்து, "மாட்டுத்தாவணியில மாடு பல் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

ஒரு டீலரிடம் கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டேன். விளம்பரத்தில் ஒரு விலை. காகிதத்தில் பார்த்தால் 'நிர்வாகக் கட்டணம்' என்று 599 டாலர், கண்ணாடியில் அந்த அடையாள எண்ணைப் பொறிக்க 299. எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் பதிவுபெற்ற டீலர் விளம்பரம் செய்யும் விலைக்குள் அவர் வாங்கப்போகும் எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். வரியும் நம்பர் பிளேட் செலவும் மட்டும்தான் வெளியே. அண்ணை இதை முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நான் சொன்னதும் விற்பனையாளர் மேலாளரைக் கேட்டு வருவதாகப் போனார், இருபது நிமிடம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம். கையெழுத்துப் போட்டிருந்தால் சிக்கல்தான். கார் விஷயத்தில் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க இங்கே சட்டப்படி அவகாசம் கிடையாது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் கடைகளைப் பார்த்துப் பழகிவிட்டு, காருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கிடைத்தது பிக்கரிங்கில், ஒரு வயதான தம்பதியிடம். 2018 கேம்ரி, சாம்பல் நிறம், 91,000 கிலோமீட்டர். பெரியவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். முதல் எண்ணெய் மாற்றத்திலிருந்து எல்லா ரசீதும் தேதிவாரியாக உள்ளே. நான் அட்டையை விரித்துப் படுத்ததும் அவர் கோபப்படவில்லை, தன் டார்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அடியில் அங்கங்கே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும். எங்கே தட்டினாலும் 'டங்'. அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணிபோல் கேட்டது.

அண்ணை அதோடும் விடவில்லை. "காசு குடுக்க முதல் மெக்கானிக்கிட்டக் காட்டும்" என்றார். 130 டாலர் கொடுத்துக் காட்டினோம். சேஃப்ட்டி சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் இவை அன்றைக்கு ஓட்டத் தகுதியாக இருக்கின்றனவா என்பதற்குத்தான் அந்தக் காகிதம். எஞ்சினும் கியரும் எத்தனை நாள் வரும் என்று அது சொல்லாது. 36 நாள்தான் செல்லும். தனியாரிடம் வாங்கினால் விற்பவர் கொடுக்க வேண்டிய இன்னொரு காகிதக் கட்டும் உண்டு. 20 டாலர். காரின் ஒன்டாரியோ பதிவு வரலாறு அதில் இருக்கும், யாருக்காவது அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பது உட்பட. அந்தப் பக்கத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். கடன் காரோடு வரும், விற்றவரோடு போகாது.

22,500 டாலருக்கு முடிந்தது. தனியாரிடம் வாங்கினால் வரி இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாகாண அரசின் சர்வீஸ் ஒன்டாரியோ கவுன்டரில் 2,925 டாலர் கட்டும்போது அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்தது. விலையைக் குறைத்து எழுதியும் தப்ப முடியாது. அவர்களிடம் ஒரு மதிப்புப் புத்தகம் இருக்கிறது, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. திரும்பி வந்து பார்த்தால் பெரியவர் தன் நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இங்கே பிளேட் ஆளுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. நம்ம ஊரில் கார் பத்துக் கை மாறினாலும் அந்த டிஎன் 59 கூடவே போகும்.

இன்சூரன்ஸைப் பற்றி அதிகம் எழுதினால் வயிறு எரியும். மதுரையில் பதினொரு வருடம் ஓட்டினேன், அதிலும் பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி. அதை ஒரு நாளாகக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் அஞ்சல் எண்ணைச் சொன்னதும் தொகை இன்னும் ஏறியது. மாதம் 318 டாலர். காருக்குக் கடன் கட்டுகிறேனா, இன்சூரன்ஸுக்குக் காரை வைத்திருக்கிறேனா என்று தெரியாத நிலை. குளிர்கால டயர் போட்டால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு என்பதால் நவம்பரில் அதையும் போட்டோம். ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடுகிறது. கழற்றிய நான்கு டயர்கள் இன்றைக்கும் பால்கனியில்தான், அவற்றின் மேல் என் மனைவி கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறாள்.

துருவுக்கு ஆண்டுக்கொரு முறை அடியில் எண்ணெய் அடிக்கிறார்கள். குளிருக்கு முன்னால் அடிப்பது நல்லது என்பதால் சரியாகத் தீபாவளியை ஒட்டி வரும். வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல், காருக்கும். இரண்டு நாளைக்குச் சொட்டும், வாடை வாரக்கணக்கில் போகாது.

இந்த முறை அடிக்கப் போனபோது காரை மேலே தூக்கி வைத்திருந்த பையன் என்னைக் கூப்பிட்டு விளக்கைக் காட்டினான். இடது பின்சக்கரத்துக்கு மேலே நகத்தளவு ஒரு பழுப்பு. அங்கே மட்டும் கூடுதலாக ஒருமுறை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை.