கேட்கிற விதம்

மார்ச் 2, ஞாயிறு

காய்ச்சலால் இன்று என் மனைவி ஆலயத்துக்கு வரவில்லை. நான் திரும்பி வந்ததும், "பிரசங்கம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருந்தது" என்றேன். "எதைப் பத்தி?" என்றாள். விதைக்கிறவன் உவமை, லூக்கா 8 என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை.

ஒன்று மட்டும் நினைவில் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. விதை முளைத்தும் நெருக்குண்டுபோகிற முள்ளுள்ள இடத்தைப் பற்றிப் போதகர் பேசியபோது, "இது அப்படியே அண்ணனுக்குத்தான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு முழு நேரமும் அவனைப் பற்றிய நினைவுதான். இருபது வருடங்களாக வசனம் கேட்கிறேன். எத்தனை ஞாயிறுகளில் இப்படி வேறு யாருக்காகவோ கேட்டிருப்பேன்!

மார்ச் 5, புதன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் இன்று தொடங்குகிறது. வழக்கமாக உணவில் எதையாவது விடுவேன். இந்த முறை இருதயத்தைப் பண்படுத்த வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியாது.

லூக்கா 8-ஐ மெதுவாக வாசித்தேன். உவமையையும் விளக்கத்தையும் சொல்லிவிட்டு 18ஆம் வசனத்தில் இயேசு, "நீங்கள் கேட்கிற விதத்தைக்குறித்துக் கவனியுங்கள்" என்கிறார். என்ன கேட்கிறோம் என்பதை அல்ல, எப்படிக் கேட்கிறோம் என்பதைக் கவனிக்கச் சொல்கிறார். வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் என்ற நான்கு நிலத்திலும் விழுவது ஒரே விதைதான், தேவவசனம். நிலம் என்பது கேட்கிறவனின் இருதயம்.

கற்பாறை நிலம் என்றதும் கல் கலந்த மண்ணைத்தான் இதுவரை கற்பனை செய்திருந்தேன். இயேசு சொன்னது வேறு. மேலே மெல்லிய மண், அடியில் பாறை. மேலே பார்த்தால் நல்ல நிலம் போலவே இருக்கும். அங்கே விதை சீக்கிரம் முளைத்ததற்குக் காரணமே மண்ணுக்கு ஆழமில்லாததுதான் என்று மத்தேயு 13 சொல்கிறது. கூட்டங்களில் கண்ணீர் விட்டு அர்ப்பணித்துவிட்டு, அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடுகிற என்னை நினைத்துக்கொண்டேன். வேகமாக முளைத்ததை விசுவாசத்தின் பலம் என்றே எண்ணியிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய், ஃபோனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று மட்டும் ஜெபித்தேன். சிறுவன் சாமுவேல் சொன்னது. மூன்று முறை கர்த்தரின் குரல் கேட்டும் ஆசாரியனான ஏலியிடம்தான் ஓடினான். யார் கூப்பிடுகிறார் என்று தெரியாமலே எழுந்து ஓடினான் பாருங்கள், அந்த மனது எனக்குப் பிடித்திருக்கிறது. பழக்கமில்லாத குரலுக்கு அவன் பழகும்வரை கர்த்தர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

இன்று பிரசங்கத்தில் பாதி காதில் விழுந்தது. மீதி நேரம் மனம் எங்கோ போனது. பரவாயில்லை.

மார்ச் 12, புதன்

வாசிக்கவில்லை. களைப்பு.

மார்ச் 14, வெள்ளி

எஸ்றா 7:10. வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், உபதேசிக்கவும் எஸ்றா "தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான்." இந்த வரிசையைப் பல முறை வாசித்திருந்தும் கவனித்ததில்லை. ஆராய்வது, செய்வது, அப்புறம்தான் உபதேசிப்பது. நான் நடுவில் இருப்பதைத் தாண்டிப் போகிறவன். வேதபாட வகுப்பில் பேசுவதற்குக் குறிப்பெடுப்பேன், வீட்டுக்கு வந்து நோட்டை மூடிவிடுவேன்.

சாலொமோனின் மகன் ரெகொபெயாமைப் பற்றி 2 நாளாகமம் 12:14 நேர் எதிராகச் சொல்கிறது. கர்த்தரைத் தேடும்படி அவன் தன் இருதயத்தை நேராக்கவில்லை, அதனால் பொல்லாப்பானதைச் செய்தான். எபிரெய மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். அவன் கர்த்தரை வெறுத்தான் என்று அங்கே எழுதியில்லை. இருதயத்தை ஆயத்தப்படுத்தாமல் விட்டான், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று வாசிக்கப்பட்ட பகுதி மத்தேயு 5. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு.

இந்த வசனத்தை இத்தனை காலமும் தலைகீழாக வாசித்திருக்கிறேன். என் சகோதரன்மேல் எனக்கிருக்கும் குறையைப் பற்றியது என்றே நினைத்து, "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்று கடந்துபோயிருக்கிறேன். என்மேல் அவனுக்கு இருக்கும் குறையைப் பற்றியல்லவா வசனம் பேசுகிறது!

அவனுக்குக் குறை இருக்கிறது. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று, உறவினர் எல்லார் முன்னாலும், "கடைசி நாளில் வந்து பார்க்காதவனுக்குப் பேச என்ன உரிமை?" என்று நான்தான் கேட்டேன். அவனால் ஏன் வர முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். மூன்று வருடங்கள் ஆகின்றன.

மார்ச் 19, புதன்

ஜெபிக்க வரவில்லை. சங்கீதம் 1-ஐத் திறந்தேன். வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன். தியானம் என்று நாம் சொல்லும் அந்த எபிரெயச் சொல்லுக்கு, வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். இரையை வைத்துக்கொண்டு சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா 31:4-ல் அதே சொல்தான் வருகிறது.

தியானிக்க எனக்கு வராது என்றே நினைத்திருந்தேன். ஆனால் அன்று அண்ணன் திருப்பிச் சொன்ன ஒரு வார்த்தையை மூன்று வருடங்களாக விடாமல் தியானித்திருக்கிறேனே. குளிக்கும்போதும் நடக்கும்போதும் தூக்கம் வராத இரவுகளிலும் அதையே முணுமுணுத்திருக்கிறேன். வசனம் விழ வேண்டிய இடத்தில் அந்த ஒரே வார்த்தை வேர்விட்டு வளர்ந்து கிடக்கிறது. "முள்ளுகளுக்குள்ளே விதையாதிருங்கள்" என்கிறார் எரேமியா.

மார்ச் 22, சனி

காலையில் அவனைக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எடுத்தான். "சொல்லு" என்றான்.

எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. "அன்னிக்கு நான் பேசினது தப்புண்ணா. தெரிஞ்சேதான் பேசினேன். மன்னிச்சிரு" என்றேன். நெடுநேரம் சத்தமே இல்லை. "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

மன்னித்தானா, தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பவுலின் பிரசங்கத்தைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணைப் பற்றிய பிரசங்கம். பவுல் சொன்னவைகளைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்று அப்போஸ்தலர் 16:14 சொல்கிறது. எளிமையான பிரசங்கம்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கேட்டேன். யாருடைய முகமும் நடுவில் வரவில்லை.

மத்தியானம் முழுவதும் ஒரு கேள்வி. திறக்கிறவர் அவர் என்றால் நான் பண்படுத்துவது எதற்கு? மாற்கு 4-ல் இன்னொரு விதை உவமை இருக்கிறது. மனுஷன் விதைத்துவிட்டு இரவில் தூங்கி, பகலில் விழிக்கிறான். எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. நிலம் தானாகப் பலன் கொடுக்கிறது, முன்பு முளை, பின்பு கதிர், அதன் பின்பு கதிரிலே நிறைந்த தானியம். உழவன் முளைக்க வைப்பதில்லை. ஆனாலும் உழாமல் இருப்பதில்லை. உழ வேண்டும் என்ற ஆசையைக்கூட அவர்தான் எனக்குள் வைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கேள்வியை முழுதாகத் தீர்க்க எனக்குத் தெரியாது. தீராமலே நன்றி சொன்னேன்.

மார்ச் 26, புதன்

யாக்கோபு 1:21, "திருவசனத்தைச் சாந்தமாய் ஏற்றுக்கொள்ளுங்கள்." நாள் முழுவதும் 'சாந்தமாய்' என்ற ஒரு சொல்லோடு இருந்தேன். வேலையில் இரண்டு முறை கோபப்பட்டேன். இரண்டாவது முறை பாதியிலேயே நிறுத்த முடிந்தது.

மார்ச் 29, சனி

இரவு பத்து மணிக்கு அண்ணனே கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை. "அம்மாவோட பைபிள் உங்கிட்டதானே இருக்கு?" என்றான். ஆமாம் என்றேன். "கடைசியில அம்மா எதைப் படிக்கச் சொன்னாங்க?"

103ஆம் சங்கீதம். அந்தப் பக்கத்தை அம்மா மடித்து வைத்திருந்தார், அந்த மடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாசித்தேன். 14ஆம் வசனம் வந்தது. "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார்; நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அதை இன்னொரு தடவை படிடா" என்றான்.