ஏன் ஏழு? ஏன் ஒன்பது?

பள்ளி மலர்க் குழுத் தம்பிமார் இந்த முறையும் "பள்ளிக்கால நினைவு ஒன்று எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். கிரிக்கெட் மட்ச், விடுதிச் சாப்பாடு, பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் மற்றவர்கள் போன மலர்களிலேயே எழுதி முடித்துவிட்டார்கள், எனக்கு மிச்சம் இருப்பது ரேடியல் எஞ்சின் ஒன்றுதான், அதாவது சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய பழைய விமான எஞ்சின், என்றேன். சிரித்தார்கள். ஆனால் 1960களின் தொடக்கத்தில் எங்களுடன் எச்.எஸ்.சி. கணித வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே விளங்கும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்க வரும் எயர் சிலோன் டக்கோட்டா விமானம் எங்கள் வகுப்புக் கூரைக்கு மேலால் போகும்போது ஒரு சொல்லும் காதில் விழாது. மற்ற ஆசிரியர்கள் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார்கள். எங்கள் பௌதிக மாஸ்ரர் மட்டும் அந்த நேரத்தில் கரும்பலகையில் ஒரு வட்டத்தைக் கீறி, அதைச் சுற்றி ஏழு சிலிண்டர்களைப் போட்டு, சத்தம் போனதும் "ஏன் ஏழு? ஆறு போட்டால் என்ன குறை?" என்று கேட்டார். முன்வாங்கில் இருந்த ஒருவன், இப்போது ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான், "சேர், டக்கோட்டா எஞ்சினுக்குப் பதினாலு எல்லோ, அது இரட்டை எண்தானே" என்றான். ஏழுக்குப் பின்னால் இன்னொரு ஏழு, இரண்டு வரிசை, ஒவ்வொரு வரிசையும் ஒற்றை எண்தான் என்று மாஸ்ரர் சொல்லிவிட்டு, விடையைச் சொல்லாமலே மணி அடித்ததும் போய்விட்டார்.

விடை சுலபம்தான். நாலடி (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் நடுத்தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவைதான் வெடிக்கும். எல்லா பிஸ்டன்களும் ஒரே கிராங்க் முனையைப் பிடித்திருப்பதால் ஒன்று விட்டு ஒன்றாக வெடிக்க வைக்க வேண்டும்: ஒன்பது சிலிண்டர் என்றால் 1, 3, 5, 7, 9, பிறகு அப்படியே 2, 4, 6, 8, மறுபடியும் 1. 80 பாகைக்கு ஒரு வெடி, சீராக. ஆறு போட்டால் 1, 3, 5 முடிந்து திரும்பவும் 1-இலேயே வந்து நிற்கும், இரட்டை எண் சிலிண்டர்களுக்கு முறையே வராது.

இதில் ஆரம்பித்த கிறுக்கு என்னை விடவில்லை. பிறகு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வேலை கிடைத்து வந்தபோதுதான், இந்த எஞ்சின் கதையில் ஒரு பெரிய அத்தியாயம் இதே ஊரில் நடந்தது என்று தெரிந்தது. அதற்கு முன் மான்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்கு நடந்தது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

சார்ல்ஸ் மான்லி, வாஷிங்டனில் விமானம் செய்ய முயன்ற விஞ்ஞானி சாமுவேல் லாங்லியின் உதவியாளர். லாங்லியின் விமானத்துக்கு எஞ்சின் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட ஸ்டீபன் பால்சர் கடைசியில் கொடுத்தது எட்டுக் குதிரைவலு அளவில்தான் இழுத்தது. மான்லி அதைக் கழற்றி, சுழலும் சிலிண்டர்களை நிலையாக நிறுத்தி, தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்து, ஐந்து சிலிண்டரில் 52 குதிரைவலு எடுத்தார். தண்ணீர், பற்றரி எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்குள் எடை. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த எஞ்சின் 12 குதிரைவலுதான்! ஆனால் லாங்லியின் விமானம் பொட்டோமாக் ஆற்றில் நின்ற படகு வீட்டின் கூரையிலிருந்து ஒக்டோபரிலும் டிசம்பர் 8-ஆம் தேதியும் ஏவப்பட்டு இரண்டு தடவையும் ஆற்றுக்குள் விழுந்தது. ஓட்டியவரும் மான்லியேதான். ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தார்கள், உலகத்தின் மிகச் சிறந்த விமான எஞ்சினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தது பிரெஞ்சுக்காரரின் காலம். 1909-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது அன்சானியின் மூன்று சிலிண்டர் விசிறி எஞ்சினில், வெறும் 25 குதிரைவலு. அதே காலத்தில் செகான் சகோதரர்கள் நோம் என்ற ரோட்டரி எஞ்சினைக் கொண்டுவந்தார்கள், இதில் கிராங்க் அசையாது, சிலிண்டர்கள் முழுவதும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். ரொறன்ரோக்காரனுக்கு இந்த ரோட்டரி மேல்தான் காதல். சுழலும்போது தானே காற்றில் குளிரும், தனியாகப் பறசக்கரம் (ஃப்ளைவீல்) வேண்டாம், எடை குறைவு, எல்லாம் சரி. ஆனால் அவ்வளவு பெரிய இரும்புக் கூட்டத்தைக் காற்றுக்குள் சுழற்றவே வலுவில் ஒரு பங்கு போய்விடும், பெரிதாக்கப் பெரிதாக்க அது இன்னும் மோசமாகும், விமானம் ஒரு பக்கம் திரும்பும்போது மூக்கை இழுக்கும். மசகுக்கு ஆமணக்கெண்ணெய், விடுமுறைக்கு விடுமுறை எங்களைப் பிடித்து வைத்துப் பேதிக்குப் பருக்கினார்களே, அதே சாமான். அது எரியாமல் வெளியே வீசப்பட்டு ஓட்டியின் முகத்திலும் மூக்கிலும் அடிக்கும். வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சிலிண்டரைச் சுழற்றாமல் காற்றில் குளிர வைப்பதுதான் உண்மையான சிக்கல். இங்கிலாந்தின் அரச விமானத் தொழிற்சாலை இருந்த ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்சனும் சாம் ஹெரனும் முதல் உலகப் போர்க் காலத்தில் உட்கார்ந்து, அலுமினியச் சிலிண்டர்த் தலை எப்படி இருக்க வேண்டும், செட்டைகள் (சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடுகள்) எவ்வளவு நெருக்கமாக வேண்டும், வெளியேற்று வால்வைச் சுற்றிச் சூடு எப்படி வெளியே போக வேண்டும் என்று முறையாக அளந்து பார்த்தார்கள். அந்தப் பாடத்தைக் கேட்காமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு டிராகன்ஃபிளை சாட்சி. கிரான்வில் பிராட்ஷாவின் அந்த ஒன்பது சிலிண்டர் எஞ்சினைச் சரியாக ஓட்டிப் பார்க்க முன்பே 1918-இல் பிரித்தானிய அரசாங்கத்தார் பதினோராயிரத்துக்கு மேல் ஓடர் கொடுத்துவிட்டார்கள். செட்டைகளுக்குச் செப்பு முலாம் பூசினால் குளிரும் என்று நம்பினார்கள். குளிரவில்லை. புரொப்பெல்லரின் நடுவில் இருந்த மரக்குடம் கருகியது. ஓட வேண்டிய வேகத்திலேயே அதிர்வும் உச்சத்துக்குப் போனது. போர் முடிந்ததால் தப்பினார்கள்.

அதே ஆண்டு பிரிஸ்டலில், ஃபிஷ்பொண்ட்ஸ் என்ற இடத்தில், ரோய் ஃபெடன் ஜூப்பிட்டர் என்ற எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். ஒன்பது சிலிண்டர், 28.7 லீற்றர். அவருடைய கொஸ்மொஸ் நிறுவனம் 1920-இல் முறிந்து, பிரிஸ்டல் விமான நிறுவனம் வாங்கியது. பிறகு பிரான்சும் ஜப்பானும் உட்படப் பல நாடுகள் உரிமம் வாங்கி அதைச் செய்தன.

அமெரிக்காவில் காற்றில் குளிரும் எஞ்சினை முன்னுக்குத் தள்ளியது கடற்படை. கப்பலில் நிற்கும் விமானத்துக்கு ரேடியேட்டரும் ஒழுகும் குழாய்களும் வேண்டாம் என்பது அவர்கள் வாதம் (அவர்களது முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்கு வைத்த பெயர் லாங்லி, ஆற்றில் விழுந்த அதே லாங்லி!). சார்ல்ஸ் லாரன்ஸின் சிறிய நிறுவனத்தை 1923-இல் ரைட் நிறுவனத்தோடு சேர வைத்தார்கள். அதிலிருந்து வந்தது வேர்ள்விண்ட் எஞ்சின். ஃபார்ன்பரோ ஹெரன் அமெரிக்கா போய், வெளியேற்று வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் போட்டார். அது 98 பாகை செல்சியஸில் உருகி, வால்வு ஏறி இறங்க உள்ளே குலுங்கி, வால்வுத் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோகும். 1927-இல் லிண்ட்பேர்க் அட்லாண்டிக்கைக் கடந்த 33½ மணி நேரமும் வேர்ள்விண்ட் ஜே-5 நிற்கவில்லை. பேர் முழுக்க லிண்ட்பேர்குக்குப் போனது, என்னைக் கேட்டால் பாதி அந்த வால்வுக்குப் போயிருக்க வேண்டும்.

ரைட் நிறுவனத்தின் தலைவராக இருந்து விலகிய ஃபிரெடரிக் ரென்ஷ்லர் 1925-இல் ஹார்ட்ஃபோர்டில், புகையிலை அடுக்கி வைத்திருந்த கட்டடத்தில் பிராட் அண்ட் விட்னி விமான எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கி, கிறிஸ்மஸுக்கு முதல் நாள் முதலாவது வாஸ்ப் எஞ்சினைப் பூட்டி முடித்தார். 425 குதிரைவலு. அதன் வழியில் வந்த பதினாலு சிலிண்டர் ட்வின் வாஸ்ப்தான் எங்கள் தலைக்கு மேலால் போன டக்கோட்டாவில் இருந்தது. பலாலியில் ஸ்டார்ட் பண்ண முதல் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். கீழ்ச் சிலிண்டர்களில் இரவு முழுக்க எண்ணெய் இறங்கித் தேங்கும், அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் நசுங்காத எண்ணெய், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டை வளைத்துவிடும்.

ரொறன்ரோக்காரன் இதைப் படித்ததும் ஃபோன் எடுப்பான். ஃபோன் வேண்டாம் மச்சான், ரோட்டரிக்காக வாதாட விருப்பம் என்றால் அடுத்த மலரில் எழுது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை போத்தல் ஆமணக்கெண்ணெய் என்ற கணக்கையும் சேர்த்து.