35 குத்து

கனடாவில் எனக்கு வேலை கொங்கிறீற் மாதிரிகளை உடைத்துப் பார்ப்பது. இங்கே உருளைகள், கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கும்போது நாங்கள் வார்த்தது 150 மில்லிமீற்றர் கியூப். வடிவம் மாறினாலும், கலவையைக் குத்தி இறுக்கும் கம்பியைக் கையில் எடுத்தால் எனக்குக் கிளிநொச்சிதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கே தொடங்கிக் கனகாலம் ஆகாத நேரம் நாங்கள் போனோம். சின்ன இடம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெடியளும் எங்கள் குழுவில்தான், முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கின கச்சான் ஆய்வுகூட வாசல்வரை வரும்.

கியூப் அச்சை மூன்று படையாக நிரப்ப வேண்டும், படைக்கு 35 குத்து, ஆறு கியூபுக்கு 630. கடைசிக் கியூப் என்னுடையது. கை நொந்ததால் எண்ணாமல் குத்திவிட்டேன். அடுத்த நாள் அச்சைக் கழற்றினால் ஒரு மூலையில் கல்லெல்லாம் தேன்கூடு மாதிரித் தெரிகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அண்ணை ஏசவில்லை, பெருவிரலால் தடவினார், ஒரு கல் உதிர்ந்து விழுந்தது.

"தம்பி, வீட்டில எண்டால் இதைப் பூசி மறைப்பினம். உள்ளுக்க கம்பி கறள் பிடிக்கும்."

28ஆம் நாள் உடைத்தோம். 25ஆம் தரக் கொங்கிறீற் என்றால் கியூப் ஏறத்தாழ 560 கிலோநியூற்றன் தாங்க வேண்டும். மற்றவை தாண்டின, என்னுடையது 400ஐத் தொட முன்னமே அந்த மூலையால் பிளந்தது.

அந்த நாட்களில் சுற்றுவட்டாரம் முழுக்க, போரில் வீடிழந்த சனத்துக்கு இந்திய அரசு உதவின இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு 550,000 ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக வரும், மிச்சம் சனத்தின் கைக்காசும் உடம்பும்தான். அன்று பின்னேரம் சைக்கிளில் போகும்போது ஒரு அம்மா கிணற்றுத் தண்ணியை வாளியில் கொண்டுவந்து, புதிதாக வார்த்த கொங்கிறீற் வளையில் (பீமில்) சுற்றியிருந்த சணல் சாக்கை நனைத்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளைக்கு ஊற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"மேசன் ஏழு நாள் எண்டவர். நான் பதினாலு நாள் ஊத்துவன் தம்பி. இது எனக்கு மூண்டாவது வீடு."

முதல் இரண்டும் என்னவாயின என்று வன்னியில் யாரும் கேட்பதில்லை.

அடுத்த கிழமை அண்ணையிடம் அனுமதி கேட்டு ஆறு கியூபையும் திரும்ப வார்த்தோம். கடைசிக் கியூபை நானே எடுத்தேன். ஒவ்வொரு படைக்கும் வாய்விட்டு எண்ணினேன், 35 வரைக்கும்.