குசெய்ரில் ‘இருக்கலாம்’, அரிக்கமேட்டில் ‘இருந்தனர்’

எகிப்தின் குசெய்ரில் கிடைத்த பானையோடுகளில், பழந்தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற இரண்டு பெயர்கள் உண்டு. காட்சிப் பலகையில் அவற்றின் கீழே போட நான் எழுதிக் கொடுத்திருந்த வாசகம்: “செங்கடல் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் தங்கியிருந்திருக்கலாம்.” பக்கத்துப் பலகை புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு. அதில் “ரோமானிய வணிகர்கள் தங்கியிருந்தனர்” என்ற பழைய வாசகமே தொடர்ந்தது. அச்சுக்குப் போகும் முன் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த ஆலோசனைக் குழுப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏம்மா, அங்கயும் பானையோடுதான், இங்கயும் பானையோடுதான். அவங்க மட்டும் ‘இருந்தனர்’, நாம ‘இருக்கலாம்’. அது எப்படி?”

“அரிக்கமேட்டுக்கு இலக்கியச் சான்றும் சேர்ந்து வருதுங்க ஐயா.”

“யவனர் அரிக்கமேட்டுல குடியிருந்தாங்கன்னு எந்தப் பாட்டு சொல்லுது? சொல்லுங்க.”

சொல்ல முடியவில்லை, அப்படி ஒரு பாட்டு இல்லை. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர், அதாவது கிரேக்க, ரோமானியர், கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகின்றன. அது முசிறி, மேலைக்கரை. அதுவும் வந்து போவதைத்தான் சொல்கிறது. சிலப்பதிகாரம் சொல்லும் யவனர் இருக்கை புகாரில். ரோமானியச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடம் அகஸ்டஸ் கோயில் ஒன்றைக் காட்டுவது முசிறிக்குப் பக்கத்தில், நம் கையில் இருப்பதும் இடைக்காலப் படி. மூன்றும் நல்ல சான்றுகள். ஆனால் மூன்றில் ஒன்றும் புதுச்சேரிப் பக்கத்து ஆற்றங்கரை மேட்டைப் பற்றியது இல்லை.

அரிக்கமேட்டுக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பது ஒளிவுமறைவு இல்லாத வரலாறு. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் செம்மெருகுத் தட்டுகளும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. அந்தத் தட்டுகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும் என்பதால், அவற்றை வைத்துத் தென்னிந்திய மண்ணடுக்கு ஒன்றுக்கு முதன்முதலாக உறுதியான காலம் குறிக்க முடிந்தது. அது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. கூடவே ‘இந்திய–ரோமானிய வணிக நிலையம்’ என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளடியில் சிறு கொத்துகளாக வட்ட வரிகள் ஓடும் ரூலெட்டட் தட்டுகளையும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்றே அவர் எண்ணினார். பின்னால் களிமண்ணைச் சோதித்தபோது அவை இந்தியாவிலேயே வனைந்தவை என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்ததையும், அந்தச் சரக்கு நின்ற பிறகும் ஊர் தொடர்ந்ததையும் காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் ‘இருந்தனர்’ பலகையில் நிலைத்து நின்றது. முதலில் வைத்த பெயருக்கு அவ்வளவு பலம்.

மேற்கத்தியர் அங்கே தங்கினார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான வாதம் வயிற்றைப் பற்றியது. மதுச்சாடிகளோடு ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும், மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் ‘கரும்’ (garum) என்ற சாறு வந்த சாடிகளும் அரிக்கமேட்டில் அடையாளம் காணப்பட்டன. மதுவை நம் அரசர்கள் வாங்கிக் குடித்தார்கள், பாட்டே இருக்கிறது. எண்ணெயையும் மீன்சாற்றையும் யார் கேட்டு வாங்கியிருப்பார்கள்? அந்தச் சுவைக்குப் பழகியவர்கள்தான். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டால் இதே வாதத்தைச் செங்கடல் கரையிலும் ஏற்க வேண்டும். எகிப்தின் இன்னொரு செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேயில் கிடைத்த மிளகு 7.55 கிலோ, அதுவும் ஓர் இந்தியச் சாடியில், செராபிஸ் கோயில் பகுதியில். மிளகு சரக்கு, ரோமானியரே வாங்கினார்கள், அதை விட்டுவிடலாம். ஆனால் அதே ஊரில் அரிசியும் தேங்காயும் பாசிப்பயறும் இந்தியச் சமையல் பானைகளும் கிடைத்தனவே, அவை யாருக்கு?

ஐயாவிடம் அன்று நான் சொன்ன பதில் இவ்வளவு தெளிவாக இல்லை. “பெயர் கீறின பானை ஆள் இல்லாமயும் கப்பல்ல போகலாம்ங்க” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் தட்டும் சாடியும் ஆள் இல்லாமல் அரிக்கமேட்டுக்கு வரலாம் என்பதும் அதே அளவு உண்மை.

குசெய்ர், முழுப்பெயரில் குசெய்ர் அல்–காதிம், ஓடுகள் 1978க்கும் 1982க்கும் இடையில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கிடைத்தவை. அது ரோமானியர் காலத்துத் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸ் என்பது பின்னால் உறுதிப்பட்டது. இப்படிப்பட்ட ஓடு கைக்கு வந்தால் முதலில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, கீறலின் விளிம்பைப் பார்க்க வேண்டும். சுடுவதற்கு முன் ஈர மண்ணில் கீறியிருந்தால் இரு ஓரமும் மண் லேசாகத் தள்ளி எழும்பியிருக்கும், பள்ளத்தின் நிறமும் மேற்பரப்பின் நிறமும் ஒன்றாக இருக்கும். சுட்ட பிறகு கீறியிருந்தால் ஓரம் பொடிப்பொடியாகச் சிதறி, மேற்பூச்சு உடைந்து, பள்ளத்தில் உள்மண்ணின் நிறம் தெரியும். முன்னது குயவர் வேலை அல்லது அவரிடம் சொல்லிச் செய்வித்தது. பின்னது பானையை வைத்திருந்தவர் வேலை. தமிழ் பிராமி ஓடுகளில் பெரும்பாலும் பின்னதுதான். அகழும்போது கரண்டி பட்ட புதுக்கீறல் பளிச்சென்று சுத்தமாக இருக்கும், அதை எழுத்தோடு சேர்த்துவிடக் கூடாது.

அடுத்து, எது மேல் எது கீழ். ஓட்டின் உட்புறத்தில் சக்கரம் சுற்றிய வரிகள் கிடையாக ஓடும். வளைவைப் பார்த்தால் தோள் பக்கம் தெரியும். இதைச் செய்யாமல் படித்தால் ந தலைகீழாகி வேறொன்றாகத் தோன்றும். க–வோ வெறும் கூட்டல் குறி, எப்படிப் பிடித்தாலும் க–தான், கூடவே அது மொழி சாராத கீறல் குறியாகவும் ஏராளமாகக் கிடைக்கும் வடிவம். ஒற்றை ஓட்டில் ஒற்றைக் கூட்டல் குறி மட்டும் இருந்தால் எழுத்து என்று சொல்லவே கூடாது. ‘கணன்’ அப்படி இல்லை, தொடர்ந்து மூன்று எழுத்து நிற்கிறது, இறுதியில் தமிழுக்கென்று உண்டான ன வருகிறது. ழ, ள, ற, ன ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் வடக்கின் பழைய மொழியான பிராகிருதமோ என்ற ஐயம் பெரும்பாலும் தீரும். ‘சாதன்’ என்பதைச் சாத்தன் என்று படிப்பதும் இட்டுக்கட்டல் இல்லை, அந்த எழுத்துமுறை இரட்டிக்கும் மெய்யைப் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதும்.

படம் எடுக்கும்போது விளக்கைத் தாழ்வாக, ஓட்டின் முகத்தை உரசுவதுபோல வைத்து, நான்கு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கோடு படத்தில் காணாமல் போகும். கோடு தெரியவில்லை என்று பள்ளத்தில் சுண்ணப்பொடி அடைப்பதை நான் அனுமதிப்பதில்லை. அடைப்பவர் தான் படித்ததையே அடைக்கிறார், அடுத்தவர் அந்த வெள்ளையைத்தான் படிப்பார்.

இவ்வளவும் செய்தால் என்ன எழுத்து, என்ன மொழி, எப்போது கீறியது என்பது வரை வந்துவிடலாம். எங்கே கீறியது என்பதற்கு இதில் பதில் இல்லை. என் ‘இருக்கலாம்’ நின்றது அந்த இடத்தில்.

ஐயா விடவில்லை. “‘பானை ஒறி’ன்னு ஒரு சாடி இருக்குதே, அதுவும் கப்பல்ல தானா போச்சா?” என்றார். அதே துறைமுகத்தில் கிடைத்து கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தது, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு முறை எழுதியது. உறியில் தொங்கிய பானை. எந்தப் பக்கம் திரும்பித் தொங்கினாலும் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தார் என்று கொள்ளலாம். ஆனால் உறி வீட்டில் எவ்வளவு பயன்படுமோ அதைவிட ஆடும் கப்பலில் அதிகம் பயன்படும். மாலுமி இருந்தார் என்று எழுதலாம். தங்கினார் என்று?

இன்னொன்றையும் சொன்னேன். மியோஸ் ஹோர்மோஸில் எண்ணெய், இறைச்சி, மது என்று பண்டம் பட்டியலிட்ட பிராகிருத ஓடு ஒன்றும் உண்டு. அரபிக்கடலில் உள்ள சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் பெயர் கீறிவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியக் கரையினர். அலெக்சாண்டிரியாவில் கிரேக்கப் பேச்சாளர் டியோ கிரிசோஸ்டம் தன் உரையில் குறிப்பிட்ட ‘சில இந்தியர்’ யாராகவும் இருக்கலாம். இந்தியர் இருந்தனர் என்பதிலிருந்து தமிழர் இருந்தனர் என்பதற்குத் தாவ முடியாது. இதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கடைசியில் அரிக்கமேட்டுப் பலகையையும் ‘இருந்திருக்கலாம்’ என்று மாற்றினேன். குசெய்ரைத் தொடவில்லை. “சமமா ஆக்கிட்டீங்க, சரியா ஆக்கினீங்களான்னு தெரியலைம்மா” என்று சொல்லிவிட்டு ஐயா கையெழுத்துப் போட்டார்.

அதுதான் நெருடுகிறது. இரண்டு சான்றுகளும் ஒரே எடை இல்லை. தட்டு யாருடையது என்று தட்டு சொல்லாது. சுட்ட பிறகு கீறிய பெயர் ஓர் ஆளைச் சொல்கிறது. அந்த வகையில் செங்கடல் பக்கம்தான் தராசு கனமாகத் தாழ்கிறது. 1995இல் பெரெனிக்கேயில் கிடைத்த ‘கொறபூமான்’ என்ற தமிழ் பிராமிப் பெயர் இன்னும் ஒரு படி மேலே. அது இந்தியப் பானையில் இல்லை, மேற்கத்திய மதுச்சாடியில் இருக்கிறது. மது இந்தியாவுக்குப் போகும் சரக்கு. கப்பல் ஏறுமுன் எகிப்தில் கீறியிருந்தால் தமிழ் எழுதத் தெரிந்தவர் அந்தத் துறையில் நின்றிருக்கிறார். இந்தியாவில் கீறியிருந்தால் காலிச் சாடி, தண்ணீர் பிடிக்கவோ எதற்கோ, கடல் தாண்டித் திரும்பி வந்திருக்க வேண்டும். இரண்டாவது நடக்காதது இல்லை, முதலாவதே எளிது.

அதனால் இப்போது எழுதும் குறிப்புகளில் எங்கே வனைந்தது, எங்கே கீறியது, எங்கே கிடைத்தது என்று மூன்றையும் பிரித்தே எழுதுகிறேன், தெரியாத இடத்தைக் காலியாக விடுகிறேன். பலகையில் அதற்கு இடம் கிடையாது, அங்கே ஒரு வினைமுற்றுதான் கொள்ளும். கொறபூமானுக்கு ‘இருந்தார்’ என்று எழுத என் கை இப்போது தயங்காது. கணனுக்கும் சாத்தனுக்கும் எழுத வராது. ஐயா மறுபடி வந்து ஏன் என்று கேட்டால் மதுச்சாடியைக் காட்டுவேன். அவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.