ஜெயித்தவனைக் கட்டும் ஷரத்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கிறேன். மேசைக்கு வருவதில் பாதி தோட்டத்து விவகாரம்தான். இறந்துபோனவரின் இபிஎஃப் பணம், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ், லாரிக் கடன், நிலப் பெயர் மாற்றம். குத்துச்சண்டை ஒப்பந்தங்கள் வர ஆரம்பித்தது எங்கள் ஊர் ஜிம் மாஸ்டரால். அவரிடம் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பணத்துக்குச் சண்டை போடப் போனதும், சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர்கள் அனுப்புகிற தாள்களை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் மாடிக்கு ஏறிவிடுவார். முதல் வாசிப்பு என்னுடையது, கடைசி வார்த்தை வக்கீலுடையது. அந்தத் தாள்களில் நான் முதலில் தேடுவது மறுமோதல் ஷரத்து.

விஷயம் இதுதான். பட்டம் வைத்திருப்பவர் ஒருவரோடு மோத ஒப்புக்கொள்ளும்போதே, "நான் தோற்றால் ஜெயித்தவர் அடுத்து என்னோடுதான் மோத வேண்டும்" என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார். பெல்ட் அவர் கையில் இருக்கிறது, கூட்டம் அவருக்காக வருகிறது, டிவிக்காரன் அவரை நம்பித்தான் பணம் போடுகிறான், அதனால் கேட்கிறார், சவால் விடுபவர் வாய்ப்புக் கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போடுகிறார். சண்டைக்கு முன்னால் அது ஒரு வரி. ஜெயித்த மறுநாள்தான் அதன் கனம் தெரியும்.

ஆண்டி ரூயிஸைப் பாருங்கள். 2019 ஜூன் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அப்போதைய உலகச் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவோடு மோத வேண்டியவர் அவரே இல்லை, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய இன்னொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர். அப்படி வருகிறவர் பேரம் பேசுகிற நிலையிலா இருப்பார்? மூன்றாவது சுற்றில் விழுந்து எழுந்து, ஜோஷுவாவை நான்கு முறை தரையில் சாய்த்து, ஏழாவது சுற்றில் கதையை முடித்தார். பெல்ட்டெல்லாம் கைக்கு வந்தது. ஆனால் அடுத்த சண்டையை எங்கே போடுவது என்பதில் அவர் பேச்சு எடுபடவில்லை. சவூதி வேண்டாம் என்றார், எதிர்த் தரப்பு ஒப்பந்தத்தைக் காட்டியது. டிசம்பர் 7, சவூதியின் திரியாவில் மறுமோதல். ரூயிஸ் சுமார் 15 பவுண்டு எடை கூடி வந்து புள்ளிகளில் தோற்றார். எடைக்கு அவர்தான் பொறுப்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகச் சாம்பியனாக இருந்த அந்த ஆறு மாதத்தில் எங்கே மோதுவது, யாரோடு மோதுவது என்று எதையும் அவர் தீர்மானிக்கவில்லையே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதே மாதிரி ஒரு தாள் எங்கள் ஆபீசுக்கும் வந்தது. ஒரு வட்டாரப் பட்டத்துக்கான பத்துச் சுற்றுச் சண்டை. பையனுக்கு இருபத்திரண்டு வயது, அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மாஸ்டரோடு மூன்று பேரும் வேலை முடிந்து சாயங்காலம் வந்தார்கள், அப்பாவின் சட்டையில் இன்னும் மில் வாசனை. ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது அந்த ஷரத்து. சாம்பியன் தோற்றால் முப்பது நாளுக்குள் ஒரு கடிதம் எழுதினால் போதும். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், அவர்கள் சொல்கிற ஊரில், அவர்கள் சொல்கிற தேதியில் மறுபடி மோத வேண்டும், அதுவரை பையன் வேறு யாரோடும் மோதக்கூடாது. சாம்பியனுக்குக் காயம் என்று டாக்டர் கடிதம் வந்தால் கெடு தானாக நீளும், எவ்வளவு தூரம் நீளலாம் என்று எல்லை இல்லை. தொகை, முதல் சண்டைக்குப் பேசிய அதே 8,000 வெள்ளி (ரிங்கிட்).

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "கிராணி ஐயா, ஜெயிச்சா இன்னொரு சண்டை உறுதின்னு எழுதியிருக்கான். அதுக்கும் காசு உறுதி. தோட்டத்துல எங்களுக்கு எவன் ரெண்டாவது தடவை வேலை உறுதின்னு எழுதிக் கொடுத்தான்? இதுல என்ன கெடுதல்?"

அந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெயரில்லாத ஒரு பையனுக்கு இரண்டாவது சண்டை எழுத்தில் உறுதியாவது சின்ன விஷயம் இல்லை. "அண்ணே, ரெண்டாவது சண்டைக்கு வரும்போது உங்க மகன்தான் சாம்பியன். சாம்பியனுக்குச் சவால்காரன் சம்பளமா? அதுக்கு மேல, அவங்க காயம்னு சொல்லி ஒரு வருஷம் இழுத்தா, அந்த ஒரு வருஷம் இவன் என்ன சாப்பிடுவான்?" என்றேன். மாஸ்டர் தலையாட்டினார். பையன் ஒன்பதாவது பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து வரி வரியாக மறுபடி படித்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

வக்கீல் இன்னொன்றையும் காட்டினார். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்ய விடாமல் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதை வைத்து வாதாடலாம்தான். ஆனால் இந்தத் தாளில் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் வெளிநாட்டில் நடுவர் மன்றத் தீர்ப்பு என்று போட்டிருந்தார்கள். வாதாடி முடிப்பதற்குள் குத்துச்சண்டை வீரனுக்கு உடம்பு ஒத்துழைக்கிற வயது போய்விடும். கையெழுத்துக்கு முன்னால் மாற்றுவதுதான் வழி என்றார்.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் லெனாக்ஸ் லூயிஸை ஐந்தாவது சுற்றில் நாக்-அவுட் செய்த ஹசீம் ரஹ்மான், புரமோட்டர் டான் கிங்கோடு சேர்ந்துகொண்டு முதலில் வேறொருவரோடு மோதப் பார்த்தார். லூயிஸ் நியூயார்க்கில் வழக்குப் போட்டார், நீதிமன்றம் ஷரத்தின் பக்கம் நின்றது. நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுமோதல், நான்காவது சுற்றில் லூயிஸ் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டைசன் ஃபியூரி கதையில் நடுவர் மன்றத் தீர்ப்பு. ஜோஷுவாவோடு அவர் மோதப்போகிறார் என்று எல்லாம் பேசி முடிந்த நேரத்தில், 2021 மே மாதம், ஏற்கெனவே தன்னிடம் தோற்ற டியோன்டே வைல்டருக்கு மூன்றாவது சண்டை தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உலகமே எதிர்பார்த்த சண்டை அப்படியே போயிற்று. வைல்டரோடு நடந்தது அருமையான சண்டை, ஆனாலும்.

இன்னும் மோசம், மறுமோதலுக்காகப் பெல்ட் பறிபோவது. 2015 நவம்பரில் கிளிட்ச்கோவைத் தோற்கடித்த ஃபியூரி, மறுமோதலுக்குக் கட்டுப்பட்டிருந்ததால் உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப் சொன்ன கட்டாயச் சவாலாளரைச் சந்திக்க முடியவில்லை, இரண்டு வாரம்கூட ஆகாமல் அந்த அமைப்பு பெல்ட்டைப் பிடுங்கியது. அந்த மறுமோதல் கடைசிவரை நடக்கவே இல்லை. 2023இல் ஸ்பென்ஸை அடித்து நான்கு பெல்ட்டையும் சேர்த்த கிராஃபர்டுக்கும் அதே ஐபிஎஃப், அதே மாதிரி. அங்கேயும் மறுமோதல் நடக்கவில்லை. வளையத்துக்குள் ஜெயித்ததை மேசையில் இழப்பது என்றால் இதுதான்.

அதற்காக மறுமோதலே கூடாது என்பவர்களோடு நான் சேர மாட்டேன். 1964இல் இன்னொரு பட்ட அமைப்பான டபிள்யூபிஏ அப்படித்தான் நின்றது. லிஸ்டனோடு மறுமோதலுக்கு ஒப்புக்கொண்டதற்காக முகமது அலியின் பட்டத்தைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிற, 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் அலியும் ஜோ பக்னரும் 15 சுற்று மோதிய சண்டையும் மறுமோதல்தான், அதற்கு முன்னால் 1973இல் லாஸ் வேகாஸில் 12 சுற்று மோதியிருந்தார்கள். இரண்டு பேரும் சம்மதித்து மறுபடி மோதுவது வேறு. ஒருவர் தோற்பதற்கு முன்பே மற்றவரின் வெற்றிக்கு வேலி போட்டுவிடுவது வேறு.

சரி, எங்கள் பையன் விஷயம். புரமோட்டருக்கு வக்கீல் நான்கு திருத்தம் கேட்டு எழுதினார். மறுமோதலுக்குத் தொகை இரண்டு மடங்கு. காயம் என்றாலும் மொத்தம் ஒன்பது மாதத்துக்கு மேல் கெடு நீளாது. இடத்தை இரு தரப்பும் பேசி முடிவெடுக்க வேண்டும். தோற்றது யாராக இருந்தாலும் மறுமோதல் கேட்கும் உரிமை உண்டு. கடைசித் திருத்தம் மாஸ்டர் சொன்னது, கிராஃபர்ட் ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் அந்த உரிமை இருந்ததை அவர் படித்திருந்தார். முதல் இரண்டும் கிடைத்தன. தொகை இரண்டு மடங்கு இல்லை, ஒன்றரை. இடமும் உரிமையும் கிடைக்கவில்லை.

பையன் புள்ளிகளில் தோற்றான், கடைசி இரண்டு சுற்றும் அவனுடையதுதான் என்று எதிர் மூலையில் இருந்தவர்களே மாஸ்டரிடம் சொன்னார்களாம். இருந்தும் மறுமோதல் கேட்க அவனுக்கு வழியில்லை. அப்புறம் அதே புரமோட்டர் வேறொரு சண்டைக்குத் தாள் அனுப்பினார், இந்த முறை ஷரத்து ஏழாவது பக்கத்தில். "தோற்றது யாராக இருந்தாலும்" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை, பையனும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.